ஒரு பேட்டரி நேரம்

கழுத்து வலிக்கிறது. காலையில் பிடரியில் தொடங்கும். மத்தியானத்துக்குள் தோளுக்கு இறங்கும். சாயங்காலம் வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகும். ஆம்பூரில் தோல் தரம் பார்க்கிற எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். மேசைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, கத்திக் கீறல் எங்கே என்று தலையைத் தொங்கப்போட்டுப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. என் அப்பா ஈரத்தோலைத் தலையில் சுமந்து கழுத்தைக் கெடுத்துக்கொண்டார். நான் முன்னேறியவன். சுமக்காமலே கெடுத்துக்கொண்டேன்.

வேலூருக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க தலையத் தூக்கி மேல பாக்கறதே இல்லியா?" என்று கேட்டார்.

"மேல பாக்க இன்னாம்மா இருக்கு? தகர ஷீட்டுதான் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ஒரு பொம்மைக் கடையில் அந்த ஹெலிகாப்டர் தொங்கியது. சிவப்பு நிறம். கையகலம். தலைமேல் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கை. ரிமோட்டோடு வாங்கினேன். ஆகவே இது டாக்டர் சொல்லி வாங்கியது. யாரும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

வாஹித் பாஷாமேல் நடக்கிற கேஸில் இந்தக் கதையெல்லாம் வராது. அங்கே இருப்பது ஒரே கேள்வி. ஜீவா செத்த வெள்ளிக்கிழமை, எங்கள் கம்பெனி ஃபினிஷிங் ஹாலில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியது யார். எலக்ட்ரிஷியன் வாஹித் பாஷா என்கிறது போலீஸ். இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவன்தான் இருக்கிறான். அது நான். வாஹித் என்னைத்தான் நம்பியிருக்கிறான். நல்ல பையன்.

முதலில் ஹெலிகாப்டரைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

கற்றுக்கொள்வது லேசு என்று எண்ணாதீர்கள். இடது கட்டைவிரல் ஏற்றி இறக்கும். வலது கட்டைவிரல் திருப்பும், முன்னே தள்ளும். கொஞ்சமாகக் கொடுத்தால் தரையிலேயே உட்கார்ந்து நடுங்கும். சட்டென்று கொடுத்தால் நேராகப் போய்க் கூரையில் இடிக்கும். தரைக்குப் பக்கத்தில் அதன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி வந்து அதை ஆட்டும். முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டால் நிதானப்படும். வால் எப்போதும் நம் பக்கம் இருக்க வேண்டும். மூஞ்சி நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் அதற்கு இடது நமக்கு வலது. புதியவன் பதறிப்போய், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளுவான். அது சுவரில் போய் அடித்துக்கொள்ளும். நானும் தள்ளினேன். இறக்கை உடைந்தது. பெட்டியிலேயே மாற்று இறக்கை வைத்திருந்தார்கள். மனுசனைத் தெரிந்த கம்பெனி.

பேட்டரியை அரை நாள் சார்ஜ் போட்டால் ஒரு பீடி பிடிக்கிற நேரம் பறக்கும். அவ்வளவுதான் அதன் ஆயுசு.

வீட்டில்தான் ஆரம்பித்தேன். முதல் நாளே மாதா படத்தில் மோதி, அங்கிருந்து என் வீட்டுக்காரி அமிர்தவள்ளியின் சாம்பார்ச் சட்டியில் விழுந்தது.

"இன்னாயா இது, கொசு அடிக்கிற மிஷினா?" என்றாள். "பேரப்புள்ள எடுக்கிற வயசுல உனுக்கு ஏரோப்ளேன் கேக்குதா? போய் உன் கம்பெனில வுடு. அங்கதான் ஊருக்கே எடம் இருக்குது."

அவள் சொன்னது சரி. ஃபினிஷிங் ஹால் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும். உயரமான கூரை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ஈ காக்கை இருக்காது. ஆம்பூர் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் ஜாஸ்தி. ஜும்மா தொழுகைக்கு முதலாளி போவார், மேனேஜர் நிசார் அஹமது போவார், பாதி லேபர் போகும். மிச்ச பாதி பிரியாணிக் கடைக்குப் போகும். மெஷின் எல்லாம் நிற்கும். வாரம் முழுவதிலும் அந்த ஹால் எனக்கு மட்டும் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான்.

எனக்கும், ஜீவாவுக்கும்.

ஜீவா ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள். விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து வருவான். அவனுக்கு ஸ்பிரே கூண்டைக் கழுவுகிற வேலை. தோலுக்குக் கடைசியாகச் சாயமும் பளபளப்பும் அடிக்கிற இடம் அது. ஒரு லாரி நீளத்துக்குத் தகரக் கூண்டு, பக்கவாட்டில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. உள்ளே சுவரெல்லாம் பெயிண்ட் காய்ந்து பாறை மாதிரி ஒட்டியிருக்கும். பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்து, கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். மெஷின் அதிக நேரம் நிற்கிற நாள் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் என்பதால் அவனுக்கும் அதே நேரத்தைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். மாஸ்க் இருக்கிறது. நல்ல மாஸ்க், இரண்டு பக்கமும் டப்பா வைத்தது. ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வருகிற அன்று ஜீவா மூஞ்சியில் மாட்டி நிற்க வைப்பார்கள். போட்டோ எடுத்ததும் துடைத்து உள்ளே வைப்பார்கள். மற்ற நாளில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் அவனுக்கு மாஸ்க். கூண்டுக்குள் இருக்கிற தின்னர் ஆவியை அது இழுத்துக் கூரைக்கு மேலே தள்ளிவிடும்.

உள்ளே போகும்போது செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போடுவான். பெயிண்ட் பிசினில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக ஆரம்பித்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள். செருப்பு இல்லையென்றால் மெஷினைப் போடலாம். ஆள் உள்ளே இருக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதிய போர்டு ஒன்றும் இருக்கிறது. அதுவும் பீரோவில்தான்.

ஜீவாவுக்கு வாய் ஜாஸ்தி. முதல் வெள்ளிக்கிழமை நான் பெட்டியைப் பிரித்ததும் கூண்டிலிருந்து தலையை நீட்டினான்.

"மேஸ்திரி, மெட்ராஸ் ஏர்போர்ட்ல ஆள் எடுக்கறாங்களாம். அப்ளிகேஷன் போடட்டுமா?"

"வேலயப் பார்றா."

"பாக்கறேன் பாக்கறேன். மேல வுழாத பாத்துக்கோங்க. எனுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

ஹெலிகாப்டர் விழுந்தது. அவன் கரண்டியால் கூண்டுத் தகரத்தைத் தட்டினான். டம் டம் டம். விழும்போதெல்லாம் தட்டினான். கைதட்டுகிற மாதிரியாம். மறு வாரம் லேபர் மத்தியில் எனக்குப் பைலட்டு என்று பேர் வைத்திருந்தான். டீ கொண்டு வருகிறவன்கூட "பைலட்டுக்கு சக்கர கம்மி" என்றான். நான் கோபப்படவில்லை. தோல் மண்டியில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உறைக்காது. எட்டு வயதில் சுண்ணாம்புக் குழியில் கால் வெந்தபோதே எனக்குக் கோபப்படுகிற வழக்கம் போய்விட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நடந்ததைக் கேட்டுவிட்டு, அவன்மேல் எனக்கு ஏதோ வன்மம் என்று யாராவது கணக்குப் போடலாம். அப்படி ஒன்றுமில்லை.

என் கவலை வேறு. ஹெலிகாப்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகப் போயிற்று. ஸ்பிரே கூண்டுப் பக்கம். ரிமோட்டில் சின்னச் சின்னப் பொத்தான்கள் உண்டு, ஒரு பக்கம் சாய்ந்தால் சரி செய்துகொள்ள. எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். என் கைதான் சரியில்லை என்று நினைத்து வெட்கமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் பீடிப் புகையைப் பார்த்தேன். புகை என் வாயிலிருந்து நேராக ஸ்பிரே கூண்டுக்குப் போயிற்று. எக்ஸாஸ்ட் இழுக்கிறது. ஹால் காற்று முழுவதும் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. நமக்குத் தெரியாது. கையளவு ஹெலிகாப்டருக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீவா லீவு. பெண்ணுக்குக் காது குத்து. நான் சுவிட்ச் பேனலுக்குப் போய் எக்ஸாஸ்ட்டை நிறுத்தினேன். எலக்ட்ரிஷியனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று பேனலில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கிறது. நான் கை வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல்களைச் சாத்தினேன். கூண்டுக் கதவு காற்றுக்கு ஆடாமல் வெளிக்கொக்கியை மாட்டினேன். ஹெலிகாப்டரைக் கிளப்பினேன். கொஞ்சம் ஆடியது, ஆனால் என் பேச்சைக் கேட்டது. என்னிடம் கோளாறு இல்லை என்று அன்றுதான் உறுதியாயிற்று. அந்தச் சந்தோஷம் உங்களுக்குச் சொன்னால் விளங்காது. வீட்டுக்குப் போய் அமிர்தவள்ளியிடம் சொன்னேன். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜீவா வந்துவிட்டான். காது குத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தின்னர் வாளியோடு உள்ளே போனான். வாஹித் பாஷா ஹால் வழியாக வந்தான், தலையில் தொப்பி, சட்டை மாற்றியிருந்தான்.

"அண்ணே, தொழுதுட்டு வந்துர்றேன். ஜீவா உள்ள கீறான். எக்ஸாஸ்ட் ஓடட்டும், மெயின் மட்டும் யாரும் கை வெக்காத பாத்துக்கோங்க."

"சரி பாய். எனக்கும் சேத்துக் கேளு."

"உங்களுக்கு இன்னா கேக்கறது? இறக்கதான் கேக்கணும்" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் போகும்போது எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் என் காதால் கேட்டேன். இதைத்தான் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

நான் நியாயமாகவே யோசித்தேன். பேட்டரி ஒரு பீடி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் ஃபேன் நின்றால் யாருக்கு என்ன ஆகிவிடும். தோல் பதனிடுகிற நாற்றத்தில் பிறந்து, அந்த நாற்றத்திலேயே சோறு தின்று வளர்ந்தவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தலை சுற்றினால் அவனே வெளியே வரப்போகிறான்.

எக்ஸாஸ்ட்டை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். கூண்டுக் கதவுக்குக் கொக்கி போட்டேன். கை பழகிவிட்டது. ஒரு தடவை செய்த வரிசையில்தான் அடுத்த தடவையும் செய்வோம். கொக்கி போட்டால் அவன் வெளியே வர முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்பவும் நம்பலாம். ஆனால் ஹெலிகாப்டர் இறங்குவதற்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கீழே பார்த்தேன். அவன் செருப்பு கிடந்தது. ஓரமாக எடுத்துச் சுவரடியில் வைத்தேன்.

உள்ளேயிருந்து, "மேஸ்திரி, காத்து நின்னுபோச்சு" என்று ஒரு குரல் வந்தது.

"கரண்ட் போயிருக்குடா. வந்துரும்" என்றேன்.

ஹெலிகாப்டரைத் தரையில் வைத்தேன். வால் என் பக்கம். இடது கட்டைவிரலை மெதுவாக ஏற்றினேன். முழங்கால் தாண்டியது, இடுப்பு தாண்டியது, மார்புக்கு நேராக வந்து நின்றது. நின்றது என்றால் நின்றது. ஆணி அடித்த மாதிரி. முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை, சாயவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தலைக்கு மேலே போய் அங்கேயும் நின்றது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் நான் கை வைத்ததெல்லாம் கீழே இழுக்கிற பாரம். மூட்டை, வாளி, ஈரத்தோல், அப்பாவின் பாடை. மேலே போய்ச் சும்மா நிற்கிற ஒன்றை நான் அன்றுதான் பிடித்திருந்தேன்.

தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது.

டம் டம் டம். ஜீவாதான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன் என்று போலீஸிடம் சொல்லியிருந்தால்கூட எடுபட்டிருக்கும், லேபர் எல்லோருக்கும் அந்தக் கிண்டல் தெரியும். ஆனால் போலீஸ் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஹெலிகாப்டர் விழுந்தால்தான் அவன் தட்டுவான். அன்று அது விழவில்லை. இது எனக்குத் தட்டும்போதே தெரியும். அதுவும் கரண்டிச் சத்தம் இல்லை. உள்ளங்கைச் சத்தம். கதவுப் பக்கம் தட்டினான், அப்புறம் கதவே இல்லாத பக்கம் தட்டினான். "மேஸ்திரி" என்றான். அப்புறம் "அண்ணே" என்றான். அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல்.

கையை எடுத்தால் விழுந்துவிடும். இது முதல் தடவை. பேட்டரி முடியட்டும், போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

சத்தம் பேட்டரிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

ஹெலிகாப்டர் தானாகவே மெல்ல இறங்கி, நான் நினைத்த இடத்திலேயே உட்கார்ந்தது. பெட்டியில் வைத்து மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். எக்ஸாஸ்ட்டைப் போட்டேன். செருப்பைச் சுவரடியிலிருந்து எடுத்து வந்து, எப்படிக் கிடந்ததோ அப்படியே கதவுக்கு வெளியே போட்டேன். ஒன்று கொஞ்சம் கோணலாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. கோணலாக வைத்தேன். அப்புறம் கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கத்தி ஆள் கூட்டினேன். நானே இழுத்து வெளியே போட்டேன். அப்போதுதான் என் கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் கனமான ஆள் இல்லை, ஆனாலும் உயிரில்லாத உடம்பு கனம். பிரியாணிக் கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் முன்னால், "ஃபேன் நின்னுருந்துது. நான் வந்துதான் போட்டேன்" என்றேன். நான் வாஹித் பேரைச் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். ஃபேன் நின்றிருந்தது என்று மட்டும் சொன்னேன். பேனலில் யார் கை வைக்கலாம் என்று அதன்மேலேயே எழுதியிருக்கிறதே. மிச்சத்தை அவர்களே படித்துக்கொண்டார்கள். ஆயில் விட நிறுத்திவிட்டு மறந்துபோய்த் தொழுகைக்குப் போய்விட்டான் என்று மேனேஜர் சொன்னார். மசூதியில் அவனோடு நின்று தொழுதவர்கள் அவன் அங்கே இருந்தான் என்று சாட்சி சொன்னார்கள். அங்கே இருந்ததனால்தானே இங்கே இல்லை என்றது போலீஸ்.

விசாரிக்க வந்த அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஹால் வாசலில் நின்றார். கூண்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். பீரோவைத் திறந்து காட்டினார்கள். புதிது மாதிரி இருந்தது. திருப்தியாகப் போனார்.

கம்பெனியில் இரங்கல் கூட்டம் நடந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கூண்டுக்குள் நுழைந்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜீவாவின் மனைவி பாரதி முன் வரிசையில் இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். சின்னதன் காதில் இன்னும் மஞ்சள் பூசியிருந்தது. கூட்டம் முடிந்ததும் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தாண்ணே போய்ப் பாத்தீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சொன்னதில் தப்பில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். வேலை இடத்தில் விளையாடி நேரத்தை வீணாக்கினேன் ஃபாதர் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். முழுவதும் சொன்னேன்.

இப்போது வீட்டுக் கூடத்தில்தான் ஓட்டுகிறேன். இந்தக் கோடையில் ஃபேனை நிறுத்தினால் அமிர்தவள்ளிக்கு இருக்க முடிவதில்லை. முதல் நாள் விசிறியை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இத்த நிறுத்தாத ஓட்ட முடியாதா உன்னால?"

"காத்து ஆகாது இதுக்கு."

"அங்கயும் இப்டிதான் நிறுத்துனியா?"

"அங்க இருக்கறது எக்ஸாஸ்ட்" என்றேன். "இது சீலிங் ஃபேன்."

அவள் விசிறியோடு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பெண்களுக்கு மெஷின் விஷயம் புரிவது கஷ்டம்.

வாஹித்துக்கு வேலை போய்விட்டது. ஜாமீனில் வந்து, பைபாஸ் பக்கம் ஒரு பெட்டிக்கடை ஓரமாக உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறான். கேஸ் இருக்கிறவனை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, நான் இன்னா பொய்யா சொல்லச் சொல்றேன்? நான் போகும்போது ஃபேன் ஓடிச்சு. உங்களாண்ட சொல்லிட்டுதான போனேன்? அந்த ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"சொல்றேன் பாய். இதுல இன்னா கீது" என்றேன்.

"அல்லா உங்கள நல்லா வெப்பான்."

மறுநாள் கோர்ட்டில் கேட்டார்கள். வாஹித் பாஷா ஹாலை விட்டுப் போகும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியதா. நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, சரியாக ஞாபகம் இல்லை என்றேன். ஓடியது என்று சொன்னால், அப்படியானால் பிறகு யார் நிறுத்தினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியால் யாருக்கும் லாபமில்லை. ஜீவா திரும்பி வரப்போவதில்லை. வாஹித் இளம் ஆள், கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். வராந்தாவில் என்னைக் கடக்கும்போது, "வர்றேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். முகத்தைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு அடுத்த மாதமாம். அதற்குள் சாட்சியை மறுபடி கூப்பிடச் சொல்லி மனுப் போடலாம் என்று அவன் வக்கீல் சொன்னதாகக் கேள்வி. கூப்பிட்டால் போவேன். நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை. மற்ற கணக்கெல்லாம் எனக்குத் தீர்ந்துவிட்டது, ஒன்றுதான் நிற்கிறது. அவன் போகும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்ற ஒரே ஒரு வாக்கியம். அதை நான் வாஹித் பாஷாவுக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.